உங்கள் நிழல் எவ்வளவு நீளம்?

செண்பகத்தோப்புக்குப் போயிருக்கிறீர்களா? ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் இடம் அது. அங்கே போகிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்ப்பார்கள். உயர்ந்த மரங்களின் உச்சியில் கிளைக்குக் கிளை தாவும் நரை அணிலைத் தேடுவார்கள். நம் வீட்டு அணிலைப்போல அதற்கு முதுகில் கோடு கிடையாது. வாலையும் சேர்த்து அளந்தால் ஒரு முழத்துக்கு மேல் இருக்கும். உடம்பெல்லாம் நரை விழுந்தாற்போன்ற சாம்பல் நிறம். இந்த அணிலைக் காப்பதற்காகவே 1988-ஆம் ஆண்டில் இங்கே ஒரு சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021-இல் அந்தக் காடு மேகமலைக் காட்டுடன் சேர்ந்து புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று.

அணில் கண்ணில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ செல்போனை வாங்கிப் படம் எடுக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் என்ன தெரிகிறது? வெள்ளை வானம். அதன் நடுவே ஒரு கறுப்புக் கட்டி. "நல்ல காமிரா இருந்திருந்தால்!" என்று பெருமூச்சு விடுவீர்கள்.

காமிராவின்மேல் குற்றம் இல்லை. அது ஒரு கணக்குப் பிள்ளை மாதிரி. தன் எதிரே இருக்கும் காட்சி முழுவதிலிருந்தும் வரும் ஒளியைக் கூட்டிச் சராசரி போடுகிறது. சராசரி மிதமான சாம்பல் நிறமாக வர வேண்டும் என்பதுதான் அதற்குத் தெரிந்த விதி. காட்சியில் முக்கால் பங்கு பளிச்சென்ற வானமாக இருந்தால் அது ஒளியைக் குறைத்துக்கொள்கிறது. வானம் சரியாக விழுகிறது. அணில் இருட்டில் மூழ்கிவிடுகிறது. படம் எடுக்கும் முன் திரையில் அணில் இருக்கும் இடத்தை விரலால் தொட்டால், காமிரா அந்த இடத்துக்குக் கணக்குப் போடும். அணில் தெரியும். வானம் வெளுத்துப் போகும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. வானத்துக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசத்தை நம் கண் சமாளித்துக்கொள்கிற அளவுக்குக் காமிராவால் சமாளிக்க முடிவதில்லை.

ஆகவே, முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது காமிராவை அல்ல, வெளிச்சத்தை. அதைக் கற்றுக்கொள்ளக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் வீட்டுக் கொல்லைப்புறம் போதும். அங்கே இருக்கும் ஓணான், தேன்சிட்டு, கறிவேப்பிலைப் புழு, சிலந்தி ஆகியவை நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். தவறு செய்தால் திருத்திக்கொள்ளலாம்.

சூரியன் போகும் வழி

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் ஒன்பதரைப் பாகையில் இருக்கின்றன. பூகோளப் பாடத்தில் வருகிற இந்த எண் புகைப்படக்காரருக்கு மிகவும் உதவும். எப்படி என்று பார்ப்போமா?

ஆண்டில் இரு முறை, அதாவது ஏப்ரல் 14-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 28-ஐ ஒட்டியும், இவ்வூர்களில் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்துவிடுகிறது. முதல் நாள் நம் சித்திரை வருடப் பிறப்பு! அன்று பகல் 12.20 மணி வாக்கில் தெருவில் நட்ட கம்பத்துக்கு நிழல் இராது. ஆண்டாள் கோயில் கோபுரத்தின் நிழல்கூடத் தன் காலடிக்குள் சுருண்டுவிடும். (பன்னிரண்டு மணிக்கு ஏன் இல்லை என்கிறீர்களா? நம் கடிகாரம் 82½ பாகை தீர்க்க ரேகைக்கு உரியது. ராஜபாளையம் அதற்கு ஏறக்குறைய ஐந்து பாகை மேற்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். கணக்கு நீங்களே போடலாம்.)

அந்த நேரத்தில் வேலியில் ஓர் ஓணான் உட்கார்ந்திருக்கிறது. அதன் தலை, முதுகு எல்லாம் வெள்ளையாகப் பளபளக்கும். கண், தாடை, வயிறு எல்லாம் கறுப்பு நிழல். கண் தெரியாத பிராணியின் படம் ஜன்னல் அடைத்த வீட்டைப்போல இருக்கும். பார்க்கிறவருக்கு அதில் பிடிப்பு ஏற்படாது.

காலையில் அப்படியில்லை. சூரியன் தாழ இருக்கும்போது ஒளி பக்கவாட்டில் வருகிறது. ஓணானின் கண்ணுக்குள் நுழைந்து ஒரு சிறு மினுக்கத்தைக் கொடுக்கிறது. முதுகின் செதில் ஒவ்வொன்றும் ஒரு குட்டி நிழலை வீழ்த்துகிறது. அந்தக் குட்டி நிழல்கள்தாம் செதில்களைத் தனித்தனியாக நமக்குக் காட்டுகின்றன. மேலும், தாழ்ந்த சூரியனின் கதிர் காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் பயணம் செய்தே நம்மை எட்டுகிறது. சூரியன் 30 பாகை உயரத்தில் இருக்கும்போது அது கடக்க வேண்டிய காற்று, உச்சியில் இருக்கும்போது உள்ளதைப்போல் இரு மடங்கு. 10 பாகையில் ஐந்தரை மடங்குக்கு மேல். வழியில் நீல ஒளி அதிகமாகச் சிதறிப் போய்விடுவதால், வந்து சேரும் ஒளி மஞ்சள் கலந்து இதமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று. இங்கிலாந்தில் எழுதிய புகைப்படப் புத்தகங்களில் "அதிகாலையில் படம் எடுங்கள்" என்று சாவகாசமாகச் சொல்லியிருப்பார்கள். லண்டனில் சூரியன் சாய்வாக ஏறுகிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் முதல் ஒரு மணி நேரத்தில் 9 பாகைதான் உயரும். நம் ஊரிலோ ஏறக்குறைய செங்குத்தாக, மணிக்கு 15 பாகை வீதம் ஏறிவிடுகிறது! சித்திரையில் 6.10 வாக்கில் உதித்த சூரியன் எட்டே காலுக்குள் 30 பாகையைத் தொட்டுவிடும். ஒன்பதே காலுக்கு 45 பாகை. பல் துலக்கி, காபி குடித்து, காமிராவைத் தேடி எடுப்பதற்குள் நல்ல வெளிச்சம் போய்விடும்.

இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். உங்கள் நிழலைப் பாருங்கள். 45 பாகையில் உங்கள் உயரமும் நிழலின் நீளமும் சமம். நிழல் உங்களைவிட நீளமாக இருக்கும்வரை படம் எடுக்கலாம். குட்டையாகிவிட்டால் காமிராவை உள்ளே வைத்துவிட்டு இட்லி சாப்பிடப் போகலாம். மார்கழியில் உங்களுக்கு ஒரு சலுகை உண்டு. அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் உச்சிவேளையிலும் 57 பாகைக்கு மேல் ஏறாது. காலை பத்து மணிவரை நிழல் உங்களைவிட நீளமாகவே இருக்கும். அரையாண்டு விடுமுறையும் அப்போதுதானே வருகிறது!

மாலை நேரம் எப்படி? இங்கேதான் நம் இரு ஊர்களுக்கும் ஒரு தனித்தன்மை. கிழக்கே திறந்த சமவெளி, மேற்கே மலைச்சுவர். பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் அஸ்தமன நேரத்துக்கு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். எவ்வளவு முன்னால்? கையை நேரே நீட்டி, நடு மூன்று விரல்களைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். அவற்றின் அகலம் ஏறக்குறைய 5 பாகை. மலை முகடு மூன்று விரல் உயரம் இருந்தால், இருபது நிமிடம் முன்னதாகவே வெயில் போய்விடும். உங்கள் மொட்டைமாடியிலிருந்து ஒரு முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வெயில் போன பிறகும் கிழக்கு வானத்திலிருந்தும் தலைக்கு மேலிருந்தும் மெல்லிய ஒளி வந்துகொண்டிருக்கும். நிழலே விழாத அந்த ஒளியில் பூக்கள், நத்தை, தவளை ஆகியவை நன்றாக விழும். ஓடுகிற அணில் விழாது. ஒளி குறைவாக இருப்பதால் காமிரா நீண்ட நேரம் கண் திறந்திருக்கும். அதற்குள் அணில் கோடாக இழுபட்டுவிடும்.

ஆனி, ஆடியில் காற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து வீசும் காற்றில் செடி நிற்காமல் ஆடும். விடிந்த கையோடு போனால் ஓரளவு அமைதியாக இருக்கும். அந்நேரம் பூச்சிகளும் குளிரில் மந்தமாக இருக்கும். தட்டானும் வண்ணத்துப்பூச்சியும் வெயிலில் காய்ந்து உடம்பு சூடேறிய பிறகுதான் சுறுசுறுப்பாகப் பறக்கும்.

கட்டுத்துணியும் பூதக்கண்ணாடியும்

சூரியன் வானத்தில் அரைப் பாகை அகலமே உள்ள சிறிய விளக்கு. சிறிய விளக்கு கூரிய நிழலைத் தரும். பெரிய விளக்கு மெல்லிய நிழலைத் தரும். மேகம் மூடினால் வானம் முழுவதுமே விளக்காகிவிடுகிறது. மேகம் இல்லாத நாளில் என்ன செய்வது?

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சத்திரப்பட்டியில் எதை நெய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி! அதில் ஒரு முழம் வாங்கி நான்காக மடித்து, ஒரு பழைய வளையத்திலோ மூங்கில் சட்டத்திலோ இழுத்துக் கட்டுங்கள். சிலந்திக்கு ஒரு சாண் தூரத்தில், சூரியனுக்கும் அதற்கும் நடுவே பிடியுங்கள். துணி முழுவதும் ஒளிரும். அந்தச் சிலந்தியைப் பொறுத்தவரை அது ஒரு பெரிய வெள்ளை வானம். நிழல் பக்கம் இன்னும் இருட்டாக இருந்தால், வெள்ளை அட்டை ஒன்றை எதிர்ப்புறம் பிடித்தால் போதும். பால்கோவா வாங்கிய அட்டைப்பெட்டியின் உட்புறம் வெள்ளையாக இருந்தால் அதையே வெட்டிக்கொள்ளலாம். (பால்கோவாவை முதலில் சாப்பிட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் எறும்பைத்தான் படம் எடுக்க வேண்டிவரும்.)

சிறிய பூச்சிக்குக் கிட்டத்தில் போனால் படம் மங்கிவிடுகிறது என்று பலர் சொல்வார்கள். செல்போன்களில் பலவும் சுமார் 10 செ.மீ.க்குள் வந்தால் தடுமாறும். இதற்கும் பௌதிகத்தில் வழி இருக்கிறது. 10 செ.மீ. குவியத் தூரம் உள்ள குவி லென்ஸ் ஒன்றைக் காமிராவின் லென்ஸை ஒட்டிப் பிடியுங்கள். இரண்டின் திறனும் கூடுகிறது. இப்போது 5 செ.மீ. தூரத்தில் உள்ளதும் தெளிவாகும். தூரம் பாதி, உருவம் இரு மடங்கு! உங்களிடம் இருக்கும் பூதக்கண்ணாடியின் குவியத் தூரம் தெரியாதா? ஜன்னலுக்கு எதிர்ச் சுவரின் அருகே அதைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஜன்னலுக்கு வெளியே உள்ள மரம் தலைகீழாகச் சுவரில் தெளிவாக விழும்போது, லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்தால் தெரிந்துவிடும். லென்ஸ் வழியாகச் சூரியனை மட்டும் ஒருபோதும் பார்க்காதீர்கள்.

இவ்வளவு கிட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. தெளிவாகப் பதியும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். புழு உங்களை நோக்கி நேராக இருந்தால் தலை தெளிந்து வால் மங்கும். நீங்கள் நகர்ந்து, அதன் உடம்பின் நீளம் காமிராவுக்கு இணையாக வரும்படி நின்றால் முழுவதும் தெளியும். எது மங்கினாலும் கண் மங்கக் கூடாது.

இத்தனை பாடுபட்டு எதைப் படம் எடுப்பது என்று கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். ராஜபாளையத்தின் சப்பட்டை, பஞ்சவர்ண மாமரங்கள் பெயர் பெற்றவை. மாமரம் ஏறியவர்களுக்கு முசுறு எறும்பையும் தெரிந்திருக்கும். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் அந்தச் செவ்வெறும்பின் கடியை யாரால் மறக்க முடியும்? அந்த எறும்புகள் உலவும் மரத்தில், அதே நிறத்தில், அதே அளவில் இன்னொன்றும் ஓடும். அது எறும்பே அல்ல. எறும்பு வேடம் போட்ட ஒரு குதிக்கும் சிலந்தி! முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்புபோல் ஆட்டிக்கொண்டு மற்ற ஆறு கால்களால் நடக்கும். முசுறுக்குப் பயந்து பறவைகள் ஒதுங்குவதால் இதற்கும் பாதுகாப்பு. ஓடும்போது கண்ணால் பிரித்தறிவது கடினம். படம் எடுத்துப் பெரிதாக்கி, சாவகாசமாகக் கால்களை எண்ணுங்கள். எட்டு வந்தால் வேடம் கலைந்தது. இலையைச் சற்றே அசைத்தால் நூல் விட்டுத் தொங்கும். எந்த எறும்பாவது அப்படித் தொங்குமா?

கறிவேப்பிலைச் செடியிலும் இப்படி ஒரு வேடதாரி உண்டு. இலைமேல் காக்கை எச்சம்போலக் கிடப்பதைப் பக்கவாட்டு ஒளியில் எடுத்துப் பாருங்கள். அழகிய வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருக்கலாம்.

வண்ணம் இல்லாமல் பார்ப்பது

திருநெல்வேலியில் 1912-இல் பிறந்த மா. கிருஷ்ணன் இந்தியாவின் தலைசிறந்த இயற்கையியலாளர்களில் ஒருவர். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996-இல் தாம் மறையும்வரை இயற்கையைப் பற்றி விடாமல் எழுதியவர். யானையையும் காட்டெருமையையும் எந்த அக்கறையுடன் கவனித்தாரோ, அதே அக்கறையுடன் வீட்டைச் சுற்றியிருக்கும் அணிலையும் காக்கையையும் கவனித்தார். பல பாகங்களை ஒன்று சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட காமிராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார். அவருடைய படங்கள் கறுப்பு வெள்ளைப் படங்கள். வண்ணத்தின் உதவி இல்லாதபோது ஒளியும் நிழலும் உருவமும் மட்டுமே படத்தைத் தாங்க வேண்டும்.

இதை நீங்களும் சோதிக்கலாம். எடுத்த படத்தைச் செல்போனிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். தேன்சிட்டு இன்னும் தெரிகிறதா? இல்லை, இலைகளுக்கிடையே கரைந்துவிட்டதா? கரைந்துவிட்டால், நீங்கள் நம்பியது வண்ணத்தை மட்டும்தான் என்று அர்த்தம். அடுத்த முறை ஒரு சாண் இடது பக்கம் நகருங்கள். பின்னால் இருந்த பளிச்சென்ற சுவர் போய், நிழலில் கிடக்கும் கிணற்றடி பின்னணியாக வந்துவிடும். சிட்டு தனித்து நிற்கும். பின்னணி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு மங்கும், அதுவும் நல்லதே. குனிந்தோ மண்டியிட்டோ பிராணியின் கண் மட்டத்துக்கு வாருங்கள். அது பார்க்கும் திசையில் படத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள். படத்தை மூன்றாகப் பிரித்துக் கோட்டில் வை என்றெல்லாம் விதி சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பின்னணி சரியாக அமைந்தால் மற்றது தானே அமையும்.

ஒரு கிளையை ஒதுக்கியதால்

இனிச் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ராஜபாளையத்தில் உறவினர் வீட்டுக் கொல்லையில், செம்பருத்திக் கிளையில் ஒரு தேன்சிட்டுக் கூடு தொங்கியது. நார், பஞ்சு, மரப்பட்டைத் துணுக்கு எல்லாவற்றையும் சிலந்தி நூலால் ஒட்டிச் செய்த ஒரு சிறு பை. பக்கத்தில் ஒரு வாசல். வாசலுக்கு மேல் மழை விழாதபடி ஒரு தாழ்வாரம்கூட! உள்ளே இரண்டு குஞ்சுகள். தாய் வருவதும் போவதுமாக இருந்தது.

வாசலுக்கு முன்னே இலை மறைத்தது, இருட்டாக இருந்தது. நான் அந்தக் கிளையை வளைத்து ஒரு நூலால் கட்டிவிட்டேன். வெளிச்சம் நன்றாக விழுந்தது. பத்துப் படம் எடுத்தேன். நூலை அவிழ்க்க மறந்து சாப்பிடப் போய்விட்டேன். மறுநாள் காலை கூடு கிழிந்து தொங்கியது. சுவர்மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. தாய்ச் சிட்டு வாயில் இரையுடன் அந்தக் கிளையைச் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தது.

இலைகள் அங்கே சும்மா இருக்கவில்லை. மேலே பறக்கும் காக்கையின் கண்ணிலிருந்து கூட்டை அவைதாம் மறைத்தன. வெயிலையும் தடுத்தன. இறகு முளைக்காத குஞ்சின் மேல் சித்திரை வெயில் நேரே விழுந்தால் காக்கை வராவிட்டாலும் அது பிழைப்பது கடினம். நாம் அடிக்கடி போய் நிற்பதே காக்கைக்கும் பூனைக்கும் வழிகாட்டுவதாகிவிடும். அந்தப் பத்துப் படங்களையும் நான் யாருக்கும் காட்டியதில்லை.

என்ன செய்திருக்க வேண்டும்? கிளையை நகர்த்தியிருக்கக் கூடாது. சூரியன் நகரும்வரை காத்திருக்க வேண்டும். அது ஒரு மணிக்கு 15 பாகை நகர்கிறது. இலைகளுக்கிடையே உள்ள இடைவெளி ஒன்றில் அது ஏதாவது ஒரு நேரத்தில் வந்துதான் தீரும். இன்று 7.40-க்கு ஒரு கீற்று கூட்டின்மேல் விழுந்தால், நாளைக்கும் ஏறக்குறைய அதே நேரத்தில் விழும். நேரத்தைக் குறித்துக்கொண்டு அப்போது மட்டும் போய் நின்றால் போதும். அதுவும் வீட்டுக்குள்ளிருந்தே!

பறவைப் படங்களின் முன்னோடிகளான இங்கிலாந்துச் சகோதரர்கள் ரிச்சர்டு கியர்ட்டனும் செர்ரி கியர்ட்டனும் 1892-இல் பறவைக் கூட்டைப் படம் எடுக்கத் தொடங்கியவர்கள். பறவைகள் பயப்படாமலிருக்க மாட்டுத்தோலைப் போர்த்திய ஒரு பொய் மாட்டைச் செய்து, அதன் வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டார்களாம்! நமக்கு மாடு வேண்டாம், ஜன்னல் இருக்கிறது. அறை விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி உட்காருங்கள். வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு. ஆகவே பறவைக்கு நாம் எளிதில் தென்பட மாட்டோம். அசையாமல் இருப்பதுதான் கஷ்டம்.

மறு ஆண்டு அதே வீட்டில், குளியலறைப் பக்கத்துக் கொடிக்கம்பியில் ஒரு சிட்டு கூடு கட்டியது. அதே சிட்டா என்று எனக்குத் தெரியாது. அந்த மாதம் முழுவதும் அந்தக் கம்பியில் துணி உலர்த்துவதில்லை என்று வீட்டில் முடிவாயிற்று. மூன்று நாள் நேரம் குறித்தேன். நான்காம் நாள் 7.25-க்குச் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஓலைக்கூரை இடுக்கு வழியாக வந்த வெயில் கம்பியில் இறங்கி, மெல்ல நகர்ந்து, கூட்டின் விளிம்பைத் தொட்டது. தாய் வந்தது. மூன்று படம் எடுப்பதற்குள் வெயில் நகர்ந்துவிட்டது. அதில் ஒன்றுதான் தேறியது. கூட்டின் வாசல் அதில் கொஞ்சம் இருட்டாகத்தான் இருக்கிறது. ஆனால் தாயின் கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி இருக்கிறது. அதன் அலகில் இருப்பது ஒரு குட்டிச் சிலந்தி என்பதும், பெரிதாக்கிப் பார்த்தால், தெரிகிறது.